கழற்றி வைத்த மணி

"ஒரு சின்னக் கீறல்கூட இல்லாம திரும்பி வாங்க. அப்பத்தான் நான் போவேன்" என்று மகள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. பத்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். கண் தெரியாத அப்பனைத் தனியாக விட்டுப் போவதா என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் கண்ணைக் காரணம் காட்டி அவள் வாழ்க்கையை மூட்டை கட்டி வைக்க நான் சம்மதிக்கவில்லை.

நான் இருபத்திரண்டு வருடமாக ஓர் ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் வேலை பார்க்கிறேன். வாசலிலிருந்து என் நாற்காலிக்கு ஒன்பது அடி. நடைவழியில் குச்சியைத் தட்டினால் சுவர் பதில் சொல்லும். ஏதாவது கதவு திறந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் பதில் வராது. வீட்டில் கட்டிலிலிருந்து அடுப்புக்குப் பதினோரு அடி. யார் துணையும் எனக்கு வேண்டியதில்லை என்றேன்.

"பழகின இடத்துல எல்லாரும் ராஜாதான்ப்பா. பழகாத இடத்துல என்ன செய்வீங்க?" என்றாள்.

அந்த வீம்பில்தான் காட்டு முகாமுக்குப் பேர் கொடுத்தேன். கண், கால், காது என்று ஏதோ ஒன்று மக்கர் செய்கிற எட்டுப் பேரை நான்கு நாள் காட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களையும் சாமான்களையும் கோவேறு கழுதைகள் சுமக்கும். கிளம்பும்போது மகள் என் கழுத்தில் ஒரு புது விசிலை மாட்டினாள்.

"வழி தெரியலன்னா உடனே ஊதணும். வீராப்பு காட்டக் கூடாது."

"நான் என்ன ஃபுட்பால் ரெஃப்ரியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கழுதைகளுக்கு முன்னால் ஒரு கிழட்டுப் பெண் குதிரை போனது. அதன் கழுத்தில் மணி. கடைசிக் கழுதையின் மூட்டை வாரைப் பிடித்தபடி நான் நடந்தேன். முகாம் போட்டதும் குதிரையைச் சமையல் கூடாரத்தருகே கட்டிவிட்டுக் கழுதைகளை அவிழ்த்துவிட்டார் கழுதைக்காரர்.

"ஓடிப் போயிடாதா?" என்று கேட்டேன்.

"போகாது சார். மணிச்சத்தம் கேக்கற தூரத்துக்குள்ளதான் மேயும். குதிரை மெல்லும்போதெல்லாம் மணி ஆடும் பாருங்க, அதான் இதுங்களுக்கு வேலி."

எனக்கும் அதுவே சுவராகிவிட்டது. ஓடைக்குப் போக மணிக்கு முதுகைக் காட்டி எழுபது அடி, திரும்பி வர மணிக்கு முகத்தைக் காட்டி எழுபது அடி. இரண்டு நாளில் பத்துத் தடவை தனியாகப் போய்வந்தேன். தலைக்கனம் ஏறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த கூடாரத்தில் நூலகத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா; எங்களுக்கு நூலகத்தம்மா. விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து சத்தம் என்றாலே அவருக்கு மண்டைக்குள் ஆணி இறங்குமாம். எப்போதும் காதுமூடி போட்டிருப்பார். "உங்களுக்கு நூலகம் நல்ல பொருத்தம்" என்றேன் ஒருநாள். "அங்கயும் பேசறாங்க சார்" என்றார்.

மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, என் தட்டை நானே கழுவுகிறேன் என்று ஓடைக்குப் போனேன். கழுவி நிமிர்ந்தால் மணிச்சத்தம் இல்லை.

குதிரை தூங்குகிறதா? செத்துப்போனதா? இல்லை, எனக்குக் காதும் போய்விட்டதா? தட்டைக் குச்சியால் தட்டிப் பார்த்தேன். காது இருந்தது. சரி, எழுபது அடிதானே என்று நடந்தேன். எழுபது முடிந்தும் கூடாரம் இல்லை. எண்பதில் ஓடைச் சத்தம் எனக்கு முன்னால் கேட்டது. பின்னால் இருக்க வேண்டிய ஓடை எப்படி முன்னால் வந்தது? திரும்பினேன். இப்போது இரண்டு பக்கமும் கேட்டது. பலமாகக் கை தட்டினேன். ஆஸ்பத்திரி நடைவழியில் என்றால் சத்தம் திரும்பி வந்திருக்கும். இங்கே போன சத்தம் போனதுதான். அடுத்த அடியில் முட்செடி கையைக் கிழித்தது.

விசிலைத் தொட்டேன். ஊதினால் ஓடி வருவார்கள். மகளிடம் சொல்வார்கள். அவள் போகமாட்டாள். கையை எடுத்துவிட்டேன்.

அப்போது கழுத்தில் சூடாக ஒரு மூச்சு. கோவேறு கழுதை! அப்பாடா, வழி தெரிந்தவன் வந்துவிட்டான் என்று அதன் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டேன். நடந்தது. நின்றது. திரும்பி நடந்தது. மறுபடி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதே முள் அதே கையைக் கிழித்தது. இதற்கும் வழி தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. நாங்கள் இருவரும் ஒரே மணியைத் தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மறுபடியும் கை தட்டினேன்.

மணி அடித்தது.

குதிரை மெல்லுகிற தாளம் இல்லை அது. இரண்டு தடவை அடிக்கும், நிற்கும், மறுபடி அடிக்கும். அதற்கு மேல் கழுதை நிற்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு ஓடாத குறைதான். மணி அருகில் வந்ததும் குதிரையின் கழுத்தைத் தொடக் கை நீட்டினேன். ஒரு மனிதக் கைதான் கிடைத்தது. அதில்தான் மணி இருந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார் நூலகத்தம்மா. உடனே திரும்பி வாந்தியெடுத்தார்.

மணிச்சத்தம் அவருக்குத் தாங்கவில்லை என்று கழுதைக்காரர்தான் கழற்றி வைத்தாராம். என்னிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கழுதைகள் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போக, அவற்றைத் தேடி அவரைத் தவிர முகாமே வேறு பக்கம் ஓடிவிட்டது.

"நீங்க கை தட்டினது கேட்டுது சார்."

"காதை மூடிக்கிட்டாவது அடிச்சிருக்கலாமேம்மா?"

"மூடினா நீங்க எந்தப் பக்கம்னு தெரியாதே."

நான் ஒரே ஒரு தடவை விசில் ஊதியிருந்தால் முகாமே வந்திருக்கும். என் வீம்புக்கு அந்த அம்மா தன் தலையைக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் வண்டிகள் நிற்கும் இடத்துக்கு மகள் வந்திருந்தாள். நூலகத்தம்மா முதல் வண்டியிலேயே போய்விட்டிருந்தார். மகள் என் கையைப் பிடித்ததும் அவள் விரல் கீறல்கள்மேல் நின்றது. நான் எதையும் மறைக்கவில்லை. ஓடை, முள், கழுதை, மணி எல்லாவற்றையும் சொன்னேன். கீறலைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கழுத்திலிருந்த விசிலைத் தூக்கிப் பார்த்தாள்.

"வாய் வைக்கிற இடத்துல கடைக்காரன் ஒட்டின காகிதம் அப்படியே இருக்குப்பா."

கையை விட்டுவிட்டாள். சரளைக் கல்லில் அவள் காலடி விலகிப் போனது. பிறகு புல்லில் கால் வைத்தாளோ என்னவோ, அதுவும் கேட்கவில்லை.

"எங்க போறே?"

பதில் இல்லை. கோபமா? வண்டியில் ஏறிவிட்டாளா? குச்சியைத் தட்டினேன். எந்தச் சுவரும் பதில் சொல்லவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்றே புரியவில்லை. பக்கத்தில் யாரோ மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் நடுவிலா, வெட்கமாயிருக்காதா என்று இரண்டு நிமிடம் நின்றேன். பிறகு காகிதத்தைக் கிழித்தேன். வாயெல்லாம் பசை கசந்தது. நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினேன்.

"வந்துட்டேன்ப்பா."

மூன்றே அடி தள்ளித்தான் நின்றிருந்தாள். அழுதிருந்தாள் என்பது குரலிலேயே தெரிந்தது. என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"வேலைக்கு வரேன்னு இன்னைக்கே எழுதிடறேன்" என்றாள்.