அப்பாகிட்ட கேளு

பழைய இரும்புக்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தே விட்டார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த எழிலரசி ஈரக் கையோடு ஓடிவந்து அதைத் திரும்ப இறக்கினாள். வாசலில் நின்ற கணவர் முருகவேலுக்கு எரிச்சலாக வந்தது. "எடத்த அடைச்சிகினு கெடக்குது. அத வச்சி இன்னா பண்ணப் போற?" என்றார். "கடைக்கு ஆவுங்க" என்றாள் அவள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையைப் பார்த்த முன்னறையில் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள் சொன்னால் அதற்கு மேல் அவர் என்ன பேச முடியும்? இரும்புக்காரர் ஒரு ஓட்டைக் குடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அது மகள் கவிநிலாவின் கம்ப்யூட்டர். கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிக் கொடுத்தது. வீட்டுக்கு வைஃபை வந்ததும் அதே வருஷம்தான். வருகிற உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றும் முன்பே பாஸ்வேர்டு கேட்பார்கள். வீட்டில் வேறு யாரும் சொல்லிவிடக் கூடாது. முருகவேல்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுவார், என்னவோ கோயில் நகைப் பெட்டியைத் திறப்பது போல. மகள் அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, கடைசியில் வைஃபைக்கு "அப்பாகிட்ட கேளு" என்றே பெயர் வைத்துவிட்டாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்படி எல்லாவற்றுக்கும் அப்பாவைக் கேட்டவள், கல்யாணத்தை மட்டும் கேட்காமல் செய்துகொண்டு ஆரணிக்குப் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் போன் போட்டு வாய்க்கு வந்தபடி பேசியதில் நம்பரையும் மாற்றிக்கொண்டாள்.

முருகவேல் கத்தவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, "அவகூட நீ ஒரு வார்த்த பேசுனாலும் என்னப் பொணமாதான் பாப்ப" என்று மட்டும் சொன்னார். முந்தின வருஷம் நெஞ்சு வலி வந்து பிழைத்தவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தபோது எழிலரசிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் மகள் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு சொன்னது அவளுக்கு மட்டும்தான் தெரியும். "அப்பா எழுந்து வரட்டும்மா. கால் நடக்கற வரைக்கும் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுத்திவரேன்."

அவள் வேண்டுதலை விடுகிறவள் இல்லை. அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியும் இந்த வாசலைக் கடந்துதான் போகிறாள். எழிலரசி வாசலில் நின்று கண் பூத்துப்போகும் வரை பார்த்திருக்கிறாள். ஊர் உலகமே நடக்கிற பாதையில் ஒரு முகத்தை எங்கே தேடுவது? பார்க்கிற பின்னல் எல்லாம் மகளுடைய பின்னலாகத் தெரியும். கிட்டே வந்தால் யார் பெற்ற பிள்ளையோ.

ஐப்பசி மழையில் இடி விழுந்து வைஃபை பெட்டி கெட்டது. கம்பெனிக்காரர்கள் வந்து புதுப் பெட்டி மாட்டினார்கள். அதில் வாயில் நுழையாத எண்ணும் எழுத்துமாக ஒரு பெயர். மாற்ற முடியாது, அப்படித்தான் பூட்டி அனுப்புவார்கள் என்றார்கள். முருகவேலுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். எழிலரசிக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஒருதரம் சேர்ந்த வைஃபையைப் போன் மறப்பதில்லை. அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் பக்கத்தில் வந்தால் யாரையும் கேட்காமல் தானாக ஒட்டிக்கொள்ளும். கடையில் தினமும் பார்க்கிற விஷயம்தான். மகளின் போன் அறிந்த ஒரே வாசல் அந்தப் பெயர். அதையும் அடைத்துவிட்டார்களே என்றிருந்தது.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. பேசத்தானே கூடாது? வந்தாளா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே.

பழைய வைஃபை பெட்டியில் இணையம் வாங்குகிற ஓட்டைதான் கருகியிருந்தது. அலை பரப்புகிற பாகம் உயிரோடு இருந்தது. அதைப் புதுப் பெட்டியில் சொருகினாலே போதும், பழைய பெயர் வந்துவிடும். ஆனால் யார் வந்தார்கள் என்று அது வாய் திறக்காது. நடுவே ஒரு ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் மகளின் கம்ப்யூட்டர். விண்டோஸ் ஏற்றினால் மூச்சு வாங்குகிற கிழட்டுப் பெட்டிக்குச் சின்ன லினக்ஸ் ஒன்று போதும் என்று படித்தாள். பென் டிரைவில் இறக்கினாள். மவுஸ் ஓடாத, படமில்லாத கறுப்புத் திரை. எழுத்தாகத் தட்டித்தான் பேச வேண்டும். டைப்ரைட்டிங் படித்த விரலுக்கு அது பெரிய பாடாக இல்லை. இன்னொரு நெட்வொர்க் கார்டு சொருகினாள். இரண்டு ஒயரையும் மாற்றிக் குத்தி ஒரு நாள் வீட்டில் இணையமே இல்லாமல் ஆக்கினாள். "டிவில செய்தி நின்னுபோச்சி, இன்னாடி நோண்டற?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஒயரை மாற்றிக் குத்தினாள். செய்தி ஓடியது.

வைஃபைக்குள் வருகிற போன், உடையவர் அதற்கு வைத்த பெயரைச் சொல்லித்தான் இடம் கேட்கும். கேட்டால் கம்ப்யூட்டர் பெட்டி ஒருதரம் 'பீப்' என்று குரல் கொடுக்க வேண்டும், அது போய்விட்டால் இரண்டுதரம். எழுதி முடித்து ஓடவிட்டாள். அவ்வளவுதான், பெட்டிக்குப் பேய் பிடித்துக்கொண்டது. பால்காரர் போனார், பீப். எதிர்வீட்டு அப்பாதுரை மாமா திண்டாடியபடி மாட்டை ஓட்டிப் போனார், பீப். தெருவே ஒரு காலத்தில் அப்பாவிடம் கேட்டிருந்தது அல்லவா! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. கவிநிலா என்று சொல்லிக்கொண்டு வருகிற போனுக்கு மட்டும் வாய் திற என்று மாற்றினாள். தன் போனுக்கு மகள் பெயரைச் சூட்டி, ரோட்டுக்கும் வாசலுக்குமாக நடந்து பார்த்தாள். எதிர்வீட்டுப் புளியமரம் வரை அலை எட்டியது. பிறகு தன் பெயரைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

முருகவேலின் போனிலும் பழைய பெயர் வந்து நின்றது. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பங்குனிப் பௌர்ணமிக்குப் பெட்டி வாய் திறக்கவில்லை. உடம்புக்கு முடியவில்லையோ, முழுகாமல் இருக்கிறாளோ, போனை மாற்றிவிட்டாளோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்கும் மேலே ஒரு பயம். போனில் வைஃபை பெயரை அழுத்தினால் 'மறந்துவிடு' என்று ஒன்று வரும். கோபத்தில் அதை ஒரு தட்டுத் தட்டியிருந்தால்? பெற்றவர்கள் ஒரேயடியாகத் தள்ளி வைத்தார்கள். அவள் ஒரு விரலால் அதைச் செய்தால் யாரைக் குற்றம் சொல்வது?

சித்திரைப் பௌர்ணமிக்கு வழக்கம்போல் வாசலில் மோர்ப் பந்தல் போட்டார்கள். வெயில் தாழ்ந்ததும் கூட்டம் பெருகியது. முருகவேல் அண்டாவிலிருந்து மொண்டு மொண்டு நீட்டினார். முகம் பார்க்க மாட்டார். நீள்கிற கையை மட்டும்தான் பார்ப்பார். நிலா கிளம்பியிருக்கும், ஆனால் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வர வேண்டும். இந்த ஊருக்கு எப்போதும் தாமதமாகத்தான் தெரியும். எழிலரசி உள்ளே கொத்தமல்லி கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பீப்.

தட்டு கவிழ்ந்தது. வாசற்படிக்கு ஓடினாள். தலைகள், தலைகள், "அரோகரா" என்று போகிற தலைகள். பெயர் தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் பேசியதாகிவிடுமே என்று விழுங்கினாள். மறக்கவில்லை, என் பிள்ளை 'அப்பாகிட்ட கேளு'வை இன்னும் போனில் வைத்திருக்கிறாள். இனி இரண்டு சத்தம் வரும். நடக்கிறவள் புளியமரம் தாண்ட எவ்வளவு நேரமாகும்? உள்ளே வந்து பெட்டிமேல் கை வைத்து நின்றாள். சூடாக இருந்தது. நின்றுகொண்டே இருந்தாள். சத்தம் வரவில்லை.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. முருகவேல், கையில் மோர் சொம்போடு.

"போய்ட்டாளா?"

எழிலரசி பெட்டிமேலிருந்து கையை எடுத்தாள்.

"போனத் தூக்கினு ரோட்டுக்கும் வாசலுக்கும் நடந்தியே, பாத்துனுதான் இருந்தேன். ஒண்ணுன்னா வர்றது. ரெண்டுன்னா போறது." அவர் பெட்டியைப் பார்த்தார். "போய்ட்டாளா எழிலு?"

"இல்லீங்க. இங்கதான் எங்கியோ நிக்கறா."

அவர் பந்தலுக்குத் திரும்பினார். ஒரு டம்ளரைக் கழுவி, இன்னொருதரம் கழுவி, தளும்ப மோர் ஊற்றினார். ஐந்தாறு கைகள் நீண்டன. கொடுக்கவில்லை. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, போகிறவர்களின் முகம் முகமாகப் பார்த்தபடி, அந்த ஒரு டம்ளரைக் கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தளும்பிய மோர் முழங்கை வழியே வழிந்துகொண்டிருந்தது. மலையின் ஓரம் வெளுக்கத் தொடங்கியது. உள்ளே பெட்டி இன்னும் வாய் திறக்கவில்லை.