காலையில் எங்கே காபி குடித்தீர்கள்?

என் வீட்டுக்காரர் வில்லியம் கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். ஜனங்கள் எதற்காகத் தங்கள் இடத்தை விட்டு இன்னோர் இடத்தைப் பார்க்கப் போகிறார்கள், அங்கே போய் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு ஜனங்களோடு பேச வராது. முகம் தெரியாத ஒருவரிடம் மணி என்ன என்று கேட்க வேண்டியிருந்தால்கூட, மாதா கோயில் மணி அடிக்கும்வரை காத்திருப்பார்.

இப்படிப்பட்டவர் ஆறு, மலை, மழை என்று எதையாவது ஆராய்ந்துவிட்டுப் போகக்கூடாதா? கல்யாணமான புதிதில் இதை நான் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஆறு ஏன் ஓடுதுன்னு எனக்குத் தெரியும் லூயிசா. மனுஷங்க ஏன் கெளம்பிப் போறாங்கன்னுதான் தெரியல" என்றார்.

அன்றைக்குத்தான் இந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதற்கு முன்னால் வீட்டில் பார்த்துச் செய்துவைத்த கல்யாணம், அவ்வளவுதான்.

அவருக்கு வராத பேச்சு எனக்கு வரும். என் வாய்க்கு நாங்கள் இருக்கிற சாந்தோம் முழுக்கப் பேர் உண்டு. எங்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. சாயங்காலமானால் கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவோம். காற்று வாங்க வந்திருக்கிறவர்களிடம் நான் போய் உட்கார்ந்து கேள்விகளைக் கேட்பேன். அவர் கொஞ்சம் தள்ளிக் கடலைப் பார்த்தபடி நிற்பார். வீட்டுக்குத் திரும்பியதும் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். புருஷன் நின்றுகொண்டிருக்க, பொண்டாட்டி கண்டவர்களோடெல்லாம் பேசுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதலில் அவர் எழுதிக் கொடுத்தபடியேதான் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊர்?" கும்பகோணம் என்றார் ஒருவர். நெல்லூர் என்றார் இன்னொருவர். திருநெல்வேலிப் பக்கம் என்றாள் ஒரு அம்மாள். வில்லியம் சந்தோஷமாக உட்கார்ந்து படம் வரைந்தார். அந்தப் படத்தை நம்பினால், கும்பகோணத்து ஜனங்கள் தினமும் சாயங்காலம் கிளம்பி சாந்தோமுக்கு வந்து, வேர்க்கடலை தின்றுவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். உண்மையில் எல்லாரும் ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் ஆட்கள்! பாட்டன் பிறந்த ஊரைத்தான் இந்தப் பட்டணத்தில் எல்லாரும் தங்கள் ஊர் என்பார்கள். போர்த்துகீசியர் காலத்திலிருந்து ஒரே தெருவில் கிடக்கிற எங்களுக்கு அது தோன்றவே இல்லை. எங்களுக்குச் சொல்லிக்கொள்ள வேறு ஊர் கிடையாது.

வில்லியம் படத்தைக் கிழித்துப் போட்டார். பிறகு இரண்டு பேருமாக யோசித்துக் கேள்வியை மாற்றினோம். "இன்னைக்குக் காலையில எங்க காபி குடிச்சீங்க?" அதற்கு யாரும் பாட்டன் ஊரைச் சொல்ல முடியாது. யாரோடு வந்தீர்கள், எதற்காக வந்தீர்கள் என்பவை அடுத்த இரண்டு கேள்விகள். கடைசியாக, இன்னும் எந்த இடத்தைப் பார்க்க ஆசை என்று கேட்பேன். இந்தக் கடைசிக் கேள்விக்கு ஜனங்களின் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே! காசி என்பார்கள், டில்லி என்பார்கள். ஒரு கிழவி, மகளைக் கட்டிக்கொடுத்த ரங்கூனைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன்.

இதையெல்லாம் வைத்து அவர் எழுதிய கட்டுரை பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. அது நன்றாக இருந்ததால் ஒரு வருஷத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும்போல இருந்தது. வேளாங்கண்ணி, நாகூர், ராமேஸ்வரம் என்று ஊர் ஊராகப் போய், அங்கே வருகிற யாத்திரைக்காரர்களைக் கேட்டு எழுத வேண்டும். அவர் ஆயுசுக்கும் ஆசைப்பட்ட வேலை. அவர் போவார், துணைக்கு ஒரு மாணவனை அழைத்துக்கொள்வார், நான் வீட்டில் இருப்பேன். இதை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது. எனக்கு வருத்தம் உண்டா என்றால், உண்டு. ஆனாலும் அவருக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கோயில் பூசையில் முழங்காலிட்டு வேண்டிக்கொண்டேன்.

உதவித்தொகை விஷயத்தில் கடைசி வார்த்தை பல்கலைக்கழகத்துப் புரொபசர் ராஜகோபாலனுடையது. வெகுகாலம் கல்கத்தாவில் இருந்துவிட்டு, சுதந்திரம் வந்த பிறகு மயிலாப்பூருக்குத் திரும்பியவர். அவர் வில்லியமைக் கூப்பிட்டு, "கட்டுரை பேஷா இருக்கு. ஆனா நீங்க கேக்கறதை நான் ஒரு தடவை பாக்கணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பீச்சுக்கு வரேன்" என்று சொல்லிவிட்டார்.

வில்லியமுக்கு சனிக்கிழமை சோறு இறங்கவில்லை.

"நான் இன்னா பண்ணுவேன் லூயிசா?"

"வாயைத் தொறந்து கேளுங்க. அவங்க இன்னா கடிச்சா தின்னுடப் போறாங்க?" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் வரக்கூடாது என்று சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, அவருக்கு முன்னாலேயே போய் மணலில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

புரொபசர் பஞ்சகச்சமும் கோட்டுமாக வந்தார். வில்லியம் பக்கத்தில் ஏதோ குற்றம் செய்தவர்போல நடந்தார். ஒரு குடும்பத்தை நோக்கிப் போனார். கிட்டே போனதும் திரும்பிவிட்டார். இரண்டு வாலிபர்களிடம் போனார். அவர்கள் நிமிர்ந்து பார்த்ததும் குனிந்து கிளிஞ்சல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். வேர்க்கடலைக்காரர்கூடப் பாவப்பட்டு, "இன்னா சாமி, இன்னா வோணும்?" என்று கேட்டார். இவர் ஒன்றும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். புரொபசர் கடிகாரத்தைப் பார்த்தார். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நான் தலையில் கை வைத்தபோது, வில்லியம் என்னைப் பார்த்துவிட்டார்.

நேராக என்னிடம் வந்தார். வந்து, கை கூப்பினார்.

"வணக்கம் அம்மா. நான் காலேஜிலேருந்து வர்றேன். உங்களைச் சில கேள்வி கேக்கலாமா?"

பதினோரு வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிற மனுஷன் என்னை அம்மா என்கிறார்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்த்து, வெளுத்து, தயவுசெய் என்று கெஞ்சிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

"கேளுங்க" என்றேன்.

"இன்னைக்குக் காலையில எங்க காபி குடிச்சீங்க?"

"இங்க பக்கத்துலதான், வீட்டுல. என் வீட்டுக்காரர் போட்டுக் குடுத்தாரு."

"ஆம்படையானா காபி போட்டுக் குடுத்தார்?" என்றார் புரொபசர்.

அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ரகசியம். தினமும் விடிகாலையில் அவர்தான் எழுந்து போடுவார். என்னைப் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. அதை ஏன் மணலில் உட்கார்ந்து ஒரு அந்நியருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பொய் வரவில்லை.

"யாரோட வந்திருக்கீங்க?"

"அவரும் வந்திருக்காரு. இங்கதான் எங்கியோ நிப்பாரு. கூச்சப்படுவாரு."

"எதுக்காக வந்தீங்க?"

"அவருக்கு இன்னைக்கு ஒரு முக்கியமான வேலை. நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கினு உக்காந்திருக்கேன்."

அடுத்தது கடைசிக் கேள்வி. அதற்குள் குரலில் நடுக்கம் குறைந்திருந்தது.

"இன்னும் எந்த இடத்தைப் பாக்கணும்னு உங்களுக்கு ஆசை?"

காசி என்றோ டில்லி என்றோ சொல்லியிருக்கலாம். எத்தனை பேரிடம் இதைக் கேட்டிருக்கிறேன்! என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதும்தான் உள்ளே ஒன்று இவ்வளவு நாளாகக் காத்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"பாம்பன் பாலம்" என்றேன். "ராமேஸ்வரம் போய் வந்த ஒருத்தங்க சொன்னாங்க. ரயில் பாலத்து மேல ஏறினா ரெண்டு பக்கமும் தரையே தெரியாதாம், வெறும் சமுத்திரமாம். வண்டிக்குள்ள அத்தனை பேரும் பேச்சை நிறுத்திடுவாங்களாம். ஜன்னல் பக்கம் உக்காந்துக்கினு அதைப் பாக்கணும்."

"இதுவரைக்கும் நீங்க எந்த இடம் வரைக்கும் போயிருக்கீங்க?"

இது எங்கள் கேள்விகளில் கிடையாது; வில்லியம் தானாகக் கேட்டார்.

"தாம்பரம்."

"உங்க ஆசையை வீட்டுக்காரர்கிட்ட ஏன் சொல்லல?"

இதுவும் கிடையாது.

"அவர் கேக்கல" என்றேன். "அவரைக் குத்தம் சொல்லல. ரொம்ப நல்லவரு. ஊர்ல இருக்கிற எல்லாரையும் இதே கேள்வியை நான்தான் கேட்டுக்கினு இருந்தேன். என்னை யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குள் புரொபசர் குறுக்கிட்டார்.

"சபாஷ்! கூச்ச சுபாவம்னு உங்க காலேஜ்ல சொன்னா. நான் பயந்துண்டே வந்தேன். கேக்கறதுன்னா இப்படின்னா கேக்கணும்! மனசுல இருக்கறதைச் சொல்ல வெச்சுட்டேளே. வாங்கோ, போலாம். நாளைக்கே எழுதிடறேன்."

தப்பித்தோம் என்று நான் மெள்ள எழுந்தேன். அப்போது வில்லியம் குனிந்து என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.

தினமும் செய்கிற வேலை. முன்பு ஒரு நாள் என் செருப்பில் ஒன்றை அலை கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து மணலை விட்டு ரோடு வரும்வரை என் செருப்பு இரண்டும் அவர் கையில்தான் வரும். அவர் யோசித்துச் செய்யவில்லை. கை அதுவாகப் போய்விட்டது.

புரொபசர் செருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பதில் சொன்னவா செருப்பையெல்லாம் நீங்கதான் தூக்கிண்டு போவேளா?"

ஏதாவது பொய் சொல்லித் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். சாந்தோம் முழுக்கப் பேர் வாங்கிய என் வாய், அன்றைக்கென்று திறக்கவில்லை.

"இவங்க என் சம்சாரம் சார்" என்றார் வில்லியம். "அந்தக் கட்டுரையில இருக்கிற அத்தனை பேரையும் கேட்டது இவங்கதான். படம் போட்டது, எழுதினது மட்டும் நான். எனக்குக் கேக்க வராது சார். இன்னைக்குத்தான் முதல் தடவை கேட்டேன்."

புரொபசருக்குக் கோபம் வந்திருந்தால் பரவாயில்லை. முகம் வாடிப்போயிற்று.

"இதைக் கட்டுரையிலேயே எழுதியிருக்கலாமே, வில்லியம். இவா பேரையும் போட்டிருக்கலாமே. வருஷம் பூரா ஊர் ஊராப் போய்க் கேக்கணும். கேக்கவே வராதவருக்கு நான் என்னன்னு சிபாரிசு எழுதுவேன்?"

சொல்லிவிட்டு, ரோட்டில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்து நடந்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வில்லியம் என்னைப் பார்த்தார். "பாம்பன் பாலமா?" என்றார்.

"அதை விடுங்க. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"இல்ல, நீ பேச்சுக்குச் சொல்லல" என்றார்.

திரும்பி விடுவிடுவென்று நடந்தார். பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர் குடும்பத்தோடு ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார். வில்லியம் அவர் எதிரில் போய் நின்றார். குரல் காற்றை மீறிக் கேட்டது. அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருந்தது எனக்கே தெரியாது.

"ஐயா, இன்னைக்குக் காலையில எங்க காபி குடிச்சீங்க?"

"காபியா? நம்ம வீட்டுல காபி கிடையாது சாப். டீதான்."

பழைய வில்லியமாக இருந்தால் அந்த நிமிஷமே ஓடி வந்திருப்பார். காது சிவந்தது, எனக்குத் தெரிந்தது. ஆனால் நகரவில்லை.

"சரிங்க. டீ எங்க குடிச்சீங்க?"

"ராயப்பேட்டையில. அது இருக்கட்டும், கையில அது யார் செருப்பு?"

"என் சம்சாரத்தோடது."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜமக்காளத்தில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க சாப். கேளுங்க."

வில்லியம் உட்கார்ந்தார். யாரோடு வந்தீர்கள் என்று கேட்டார். பெரியவரின் மனைவி ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். கார்க்கதவைத் திறந்தபடி நின்றிருந்த புரொபசர், கதவைச் சாத்திவிட்டு மறுபடி மணலில் இறங்கி வந்தார். குடும்பத்துக்குக் கிட்டே போகவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, கடைசிக் கேள்வி முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க சார்."

"பாம்பனுக்கு இருட்டற நேரத்துல போய்ச் சேர்ற வண்டியில ஏறாதேங்கோ. சமுத்திரம் தெரியாது. பகல் வண்டியாப் பாத்து ஏறுங்கோ. கட்டுரையிலயும் சிபாரிசுலயும் உங்க பேரை எப்படி எழுதணும்னு அவரைக் கேட்டு வாங்கிக்கறேன்."

நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விட்டார்.

வில்லியம் பெரியவரிடம் விடைபெற்று எழுந்தார். வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை, சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்த இன்னொரு குடும்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். என் செருப்பு இரண்டும் அவர் கையிலேயே இருந்தன. நான் கூப்பிடவில்லை. வெறுங்காலோடு மணலில் நின்றபடி, அவர் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.