போக்னார் அம்மாளின் நீலப் பட்டு

"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே சரோல்ட்டா முதுகுப் பக்கத்துக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். நீலப் பட்டுக்குள் போக்னார் அம்மாள் முகம் சிவந்து நின்றாள்.

"இழுக்க இடம் எங்கம்மா இருக்கு? மகன் கல்யாணம்னு ஆனதிலேருந்து கேக்கா தின்னு தொலைச்சிருக்கேன்."

"தோள்பட்டையில இழுக்குது," என்றது திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். "பட்டு முனகுறது எனக்குக் கேக்குது. பிரிச்சு விடு, சரோல்ட்டா."

புடாபெஸ்டில் அந்த மாளிகை முழுவதும் ஒரு காலத்தில் அவர்களுடையது. அரசாங்கம் அதைப் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பங்கு போட்டதில் தாய்க்கும் மகளுக்கும் மிஞ்சியது இந்த ஓர் அறை. நடுவே திரை. இந்தப் பக்கம் தையல் மெஷின், நிலைக்கண்ணாடி, வாடிக்கைக்காரர்கள். அந்தப் பக்கம் கட்டில், அதில் எழுபது வயது குளோட்டில்ட். சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தவளை வாசலோடு திருப்பி அனுப்பத்தான் சரோல்ட்டா பார்த்தாள். அம்மா விடவில்லை.

"சனிக்கிழமை அவ மகனுக்குக் கல்யாணம். உள்ள கூப்பிடு. என் கத்தரிக்கோலை நீயே எடுத்துக்க."

நாற்பத்திரண்டு வயதில், முதல் தடவையாக, அந்தக் கத்தரிக்கோல் சரோல்ட்டாவின் கைக்கு வந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று அம்மா வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பிரபு, சீமாட்டி என்று பழைய பட்டம் சொல்லி யாரையும் அழைக்கக் கூடாதென்பது சட்டம். போக்னார் அம்மாளின் கணவரோ கட்சியில் பெரிய ஆள். ஆனாலும் அவள் திரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "சீமாட்டியம்மா, உடம்பு எப்படியிருக்கு?" என்றாள்.

"செத்துக்கிட்டிருக்கேன். நீ நேரா நில்லு."

போக்னார் அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வாய் மட்டும் மாறவே மாறாது! ஏம்மா, விமானக்காரன் ஒருத்தன் உங்களை கெய்ரோவுக்குத் தூக்கிட்டுப் போனானாமே?"

"தூக்கிட்டுப் போனது நான். அவன் வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு வந்தான்."

அந்த விமானத்தின் பின் இருக்கையில் ஆறு வயது சரோல்ட்டா இருந்ததை அம்மா ஒருபோதும் சொல்வதில்லை. பாரிசில் கடை போட்டபோதும், யுத்தத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியபோதும், கிராமத்து ஆட்டுக்கொட்டிலுக்கு விரட்டப்பட்டு உருளைக்கிழங்குச் சாக்கில் பாவாடை வெட்டி, காவல்காரன் பெண்டாட்டியே வந்து 'எனக்கும் ஒண்ணு' என்று நின்றபோதும் சரோல்ட்டா கூடவே இருந்தாள், பெட்டிகளுக்குக் காவலாக. பெண் கேட்டு வந்த ஒரே ஒருவனையும் அவன் கால்சட்டை தைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தே அம்மா திருப்பி அனுப்பிவிட்டாள்.

"பின்பக்கம் கீழே எப்படி விழுது?"

"ரெண்டு விரல் தூக்கலா இருக்கும்மா."

"தரையிலேருந்து அளந்து மடிச்சு, ஊசி குத்திக்கிட்டே வா. ஒரு சுத்து முடிச்சுட்டுக் கூப்பிடு. அவளை நடக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்துட்டு, எப்படி வந்திருக்குன்னு சொல்றேன்."

சரோல்ட்டா குண்டூசிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு மண்டியிட்டாள். மேலே போக்னார் அம்மாள் சம்பந்தி வீட்டுக் கஞ்சத்தனத்தை அளந்துகொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஒரு இழுப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு இழுப்பு. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

சரோல்ட்டாவின் கை மடிப்பின் மேல் அப்படியே நின்றது.

"தூங்கிட்டாங்களா?" என்று கிசுகிசுத்தாள் போக்னார் அம்மாள்.

வாயில் ஊசிகள். சரோல்ட்டா ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

இன்னும் நாலு ஊசி குத்த வேண்டியிருந்தது. குத்திவிட்டால் இந்த அம்மாள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். படிகளில் அவள் செருப்புச் சத்தம் இறங்கிப்போய்விடும். பிறகு திரையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். சரோல்ட்டா மூன்றைக் குத்தினாள். கடைசி ஊசியைக் குத்தாமல் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு முதலில் குத்தியதை உருவினாள். அதற்கடுத்ததையும் உருவினாள்.

"மறுபடியுமா? நல்லாத்தானே இருக்கு!"

"சரியா விழல. திரும்புங்க."

போக்னார் அம்மாள் பெருமூச்சு விட்டுக் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். கல்யாண விருந்துக்கு எத்தனை வாத்து வாங்கியிருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள்.