ஓட்டினவங்க மேல தப்பில்லை

பெயிண்ட் கடைக்காரர் வாயைத் திறந்தால் இரண்டு கதைதான் வரும். ஒன்று அவருடைய காரின் பெருமை. இன்னொன்று, அந்தக் காரை அவர் மனைவி நடுச்சந்தியில் நிறுத்திவிட்டு முழித்த கதை.

கார் ஏற்கெனவே இரண்டு கை மாறி வந்தது. அந்த மாடலை மட்டும் வாங்காதே என்று சொல்லாத ஆள் இல்லை. பின்பக்கக் கண்ணாடி ஆசையாக இறங்கும், ஏறுவதற்கு அரைநாள் அழும். ஏ.சி.யைப் போட்டால் முன்னால் உட்கார்ந்தவரின் கால் நனையும். மழை நாளில் யாரும் தொடாமலே ஹாரன் அலறும். ஊரார் இதையெல்லாம் கோளாறு என்றார்கள். அவர் செல்லப்பிள்ளையின் குறும்பைச் சொல்கிற மாதிரி சொல்லிச் சொல்லிப் பூரித்தார். வண்டிக்கு அவர் வைத்த பேரே ராஜா. எங்காவது ஒரு கீறல் விழுந்தால், கடையில் கலர் கலக்கிக்கொண்டு வந்து மறைத்த பிறகுதான் சாப்பிட உட்காருவார்.

ராஜாவை ஒரு சொல் சொல்ல விடாத மனிதர், மனைவியைப் பற்றிய சொல்லை மட்டும் தானே ஊர் ஊராகச் சுமந்தார். அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். தெருவுக்கே கேக் அக்கா. ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிய புதிதில் ஒருநாள் அவள் ஓட்டினாள். பக்கத்தில் அவர், பின்சீட்டில் அவருடைய அக்காவும் மச்சானும். சந்தியில் இண்டிகேட்டர் விளக்கைப் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, பதமாகத் திருப்பினாள். பாதித் திருப்பத்தில் எஞ்சின் செத்தது. ஸ்டீயரிங் கல்லாக இறுகிப்போனது. பின்னால் வந்த பஸ்காரர் தலையை வெளியே நீட்டி, வாயில் வந்ததையெல்லாம் பேசினார்.

"கிளட்ச்சை விட்டுட்டியா?" என்று கத்தினார் கணவர். விடவே இல்லை என்று அவள் சொன்னது அந்த இரைச்சலில் யார் காதிலும் ஏறவில்லை. இரைச்சல் அடங்கிய பிறகும் ஏறவில்லை.

அதன்பிறகு சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், டீ ஆறுவதற்குள் கதை ஆரம்பமாகிவிடும். ஒவ்வொரு தடவையும் கதைக்குக் கைகால் முளைத்தது. ஒரு பஸ் மூன்று பஸ்ஸானது, எங்கிருந்தோ ஒரு போலீஸ்காரரும் வந்து சேர்ந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் கேக் தட்டை நீட்டிக்கொண்டே சிரித்துவைப்பாள், உள்ளுக்குள் வெந்துகொண்டு. அதைவிடக் கொடுமை, கேட்டுக் கேட்டு அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை காலை எடுத்துத்தான் இருப்போமோ? பிறகு அவள் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. அடுக்குக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, அவர் போடும் பிரேக்குக்கெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி இருக்கையில், அன்று காலை அவள் கிரீம் அடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கார் கம்பெனியிலிருந்து ஒரு பெண். வண்டி அவள் பேரில் இருந்ததால் அவளைத்தான் கூப்பிட்டார்கள். உங்கள் மாடலில் ஒரு பழுது இருப்பது தெரியவந்திருக்கிறது, அந்த வருஷத்து வண்டிகளையெல்லாம் திரும்ப வரவழைத்து இலவசமாகச் சரிசெய்கிறோம் என்றாள் அந்தப் பெண். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு ஒயர் உராய்ந்து தேய்கிறதாம். மெதுவாகத் திருப்பும்போது எஞ்சின் தானாகவே நின்றுவிடுமாம், ஸ்டீயரிங்கும் இறுகிவிடுமாம்.

கேக் அக்கா கிரீம் அடிப்பதை நிறுத்தினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்.

"கிளட்ச்சை ஒழுங்கா மிதிச்சிருந்தாலும் நிக்குமாம்மா?"

"நிக்கும் மேடம். ஓட்டினவங்க மேல தப்பில்ல."

மேடம், லைன்ல இருக்கீங்களா என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் சாப்பிட வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னாள். மனிதர் தாம்தூம் என்று குதித்தார். ராஜாவுக்கா பழுது? தன் கையில் ஒருநாளாவது நின்றிருக்கிறதா? சரிசெய்யும்வரை ஓட்டக் கூடாது, லாரி அனுப்பி ஏற்றிப் போவார்கள் என்றதும் அவருக்கு மானமே போய்விட்டது. தெருவே வேடிக்கை பார்க்குமே என்றார். பார்க்கட்டும் என்றாள் அவள். மறுநாள் லாரி வந்தது. தெரு பார்த்தது. அவள் வாசலில் தலை நிமிர்ந்து நின்றாள்.

வண்டி தயார் என்று தகவல் வந்ததும் இருவரும் போனார்கள். சர்வீஸ் சென்டரின் கண்ணாடி அறையில், காத்திருப்பவர்களுக்கு நடுவில், சூப்பர்வைசர் கழற்றிய ஒயரைக் கொண்டுவந்து காட்டினார். மேல்தோல் உரிந்து, உள்ளே செம்பு கறுத்துப்போயிருந்தது. பெயிண்ட் கடைக்காரர் விடுகிற ஆளா? எங்கிட்ட ஒரு தடவைகூட நிக்கலையே என்று மடக்கினார்.

"நீங்க எப்படி சார் திருப்புவீங்க?"

"ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, ஒரே வீச்சுதான்."

சூப்பர்வைசர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த வேகத்துல நிக்காது சார். வேகத்தைக் குறைச்சு, ஒழுங்கா திருப்புறவங்களுக்குத்தான் நிக்கும்."

பக்கத்து நாற்காலிக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். கேக் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நல்லா ஓட்டியிருக்கிறாள்! நல்லா ஓட்டியதால்தான் நின்றிருக்கிறது! கேட்டுக் கேட்டுத் தன் காலையே நம்பாமல் போனோமே என்று ஒரு கணம் அழுகையும் முட்டியது.

சூப்பர்வைசர் பழக்கத்தில் சாவியை அவரிடம் நீட்டினார். அவள் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்கு நான் ஓட்டறேன். ஆனா அதுக்கு முன்னாடி, யார் யார்கிட்ட அந்தக் கதையைச் சொன்னீங்களோ, அவங்களுக்கெல்லாம் இதையும் சொல்லுங்க."

வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இழுத்தார். அவள் அசையவில்லை. அவர் அந்த ஒயரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். முதலில் அக்கா. அவருக்கு மெதுவாகப் பேச வராது. அறை முழுக்கக் கேட்டது.

"அக்கா, அன்னைக்கு வண்டி நின்னுச்சே, அது இவ தப்பில்ல. வண்டி தப்பு. இவ ஒழுங்காத்தான் ஓட்டியிருக்கா. தெரியாம நான்தான் இத்தனை நாள் இவ மேல பழி போட்டேன்."

அடுத்து மச்சான். அதற்கடுத்து தம்பி. மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது குரல் உடைந்து, நடுவில் நிறுத்தி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அவள் போதும் என்று சொல்லவில்லை. சொல்ல மனம் வந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

வெளியே வந்து ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தாள். சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிவைத்தாள். எஞ்சினைக் கிளப்பினாள். பக்கத்து சீட்டில் அவர் ஏறிப் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "போதுமா?" என்றார்.

"உங்க சித்தப்பா பாக்கி."

அவர் போனைக் காதில் வைத்தார். சித்தப்பாவுக்கு ஒன்றைப் பத்துத் தடவை சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சாலைக்கு ஏறும் இடம் வந்தது. அவள் விளக்கைப் போட்டாள், இரண்டு பக்கமும் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள்.

அவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் கூப்பிடறேன் சித்தப்பா," என்றார். "இவ வண்டியைத் திருப்பறா."