டினேசின் பிறப்பிடம்

"யாழ்ப்பாணம் குருநகரைப் பிறப்பிடமாகவும், சுவிஸ் ஓஸ்டர்முண்டிகனை வதிவிடமாகவும் கொண்ட..." என்று அந்தோனிதாஸ் தொலைபேசியில் பத்திரிகைக்காரனுக்கு மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டிருந்தார். இங்கே எத்தனையோ பேரின் சாவுக்கு அறிவித்தல் எழுதிக் கொடுத்த மனிதர். வசனம் வாய்ப்பாடு மாதிரி வரும். இன்றைக்கு அது அவருடைய மகன் டினேசுக்கு. வேலையால் சைக்கிளில் வந்தவனை ஒரு லொறி அடித்துவிட்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் எலேனா, டினேசின் ஜாக்கெட்டைப் போட்டபடி இருந்தாள். பிரேசில்காரி, ஜப்பானிய வம்சம். கலியாணம் கட்டாமலே அவனோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். குருநகர் என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, "அவன் பேர்ணில்தானே பிறந்தான்?" என்று டொச் மொழியில் கேட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. தன் பிறப்பிடத்தை மகன் தலையில் கட்டிவிட்டார். அவன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில், பனிக்குள் நின்று அழுததுகூட மறந்துபோனதே!

"பிரேசிலில் என் அப்பாவை நிஸ்ஸெய் என்பார்கள்" என்றாள் எலேனா. "ஜப்பானியச் சொல், கப்பலில் வந்து போர்த்துக்கேயமாகிவிட்டது. நி என்றால் இரண்டு, ஸெய் என்றால் தலைமுறை. கப்பலால் இறங்கிய தாத்தா இஸ்ஸெய், முதலாவது. ஊரில் நின்றவர்கள் கணக்கில் இல்லை. இங்கே நீங்கள் முதலாவது. டினேஸ் இரண்டாவது."

முதலாவது இருக்க இரண்டாவது போய்விட்டதே என்று அவர் நினைத்தார்.

"அண்ணை, நிக்கிறியளோ? வேற பேர் ஏதும் சேர்க்கவோ?" என்றான் தொலைபேசியில் இருந்தவன்.

"பிறப்பிடத்தைப் பேர்ண் எண்டு மாத்தும்."

"என் பெயர் வருமா?" எலேனா மெல்லக் கேட்டாள்.

அவர் அதைத் தமிழில் சொன்னதும், பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்ற மனைவி றீற்றா திரும்பாமலே சொன்னாள்: "கலியாணம் கட்டேல்ல. என்னெண்டு போடுறது? சனம் என்ன கதைக்கும்?"

சனத்துக்கு அவரும் பயந்தவர்தான். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முந்தி அவன் முடிஞ்சிட்டான், றீற்றா. கடைசியா அவன்ர கையைப் பிடிச்சிருந்தது இந்தப் பிள்ளைதான்." பிறகு தொலைபேசியில், "எலேனாவின் அன்புத் துணைவர் எண்டு போடும்."

"எலேனா ஆர், அண்ணை?"

"நீர் போடும், தம்பி."

அவன் முழுவதையும் திருப்பி வாசித்தான். எலேனாவுக்கு விளங்கியவை பெயர்கள் மட்டும்தான். பேர்ண் வந்தது, டினேஸ் வந்தது. தன் பெயர் வந்ததும் அவள் ஜாக்கெட்டின் கைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

றீற்றா குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டிக்குள் கழுவ ஒன்றும் இல்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டே இருந்தது.