இரண்டாவது புள்ளி

"புதுசா பழசா, அதை மட்டும் சொல்லு தம்பி" என்று போட்டோக்காரி ஹார்ட் டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில் மேசைக்குப் பின்னால் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரன் திரையிலிருந்து கண்ணைத் திருப்பாமலே பதில் சொன்னான். "ரெண்டும் இல்ல மேடம். வாரண்டியில மாத்திக் குடுக்குறது ரீஃபர்பிஷ்ட்தான். திரும்பி வந்ததை ரிப்பேர் பண்ணி, டெஸ்ட் பண்ணித் தருவாங்க. புதுசு மாதிரியே இருக்கும்."

"மாதிரின்னா? எங்க வீட்டுக்காரரும் வேலைக்குப் போறவர் மாதிரியேதான் காலையில கிளம்புறார்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

எடுக்கிற படம் எதுவானாலும் இரண்டு டிஸ்க்கில் போட்டு வைப்பது அவள் வழக்கம். அதில் ஒன்று போன மாதம் செத்தது. வாரண்டி இருந்ததால் இங்கேதான் கொண்டுவந்து கொடுத்தாள். பதிலுக்கு வந்தது இது, சீல் வைத்த கவரில், பளபளவென்று வெள்ளை ஸ்டிக்கரோடு. அக்கம்பக்கத்துக் கல்யாணங்கள், பிறந்த குழந்தைகள், இப்போது உயிரோடு இல்லாதவர்களின் சிரிப்பு, எல்லாம் மிச்சமிருக்கும் அந்த ஒரே டிஸ்க்கில் ஒற்றைக்காலில் நிற்கின்றன. அதுவும் வயசானது. மின்விசிறி கொஞ்சம் இழுத்துச் சுற்றினாலும், டிஸ்க்தானோ என்று ஓடிப்போய்க் காதை வைத்துப் பார்க்கிறாள்.

மாற்றி வந்ததை மாட்டிய உடனேயே அவளுக்கு உறைத்தது. சுழல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். செத்துப்போன டிஸ்க்கும் சாவதற்கு முன் இப்படித்தான் செருமிக்கொண்டு கிடந்தது. பிடுங்கித் திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கரின் ஓரத்தில் சிவப்பாக அரைப் புள்ளி.

அவள் அம்மா சித்தாள். கட்டட வேலையில் சாந்து சுமக்கிற எல்லாச் சட்டியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கொஞ்சம் அசந்தால் ஓட்டைச் சட்டி நம் தலைக்கு வந்துவிடும், நாளெல்லாம் சாந்துத்தண்ணி கழுத்தில் இறங்கி முதுகை அரிக்கும். அதனால் அம்மா தன் சட்டியில் சிவப்புப் பெயிண்டால் இரண்டு புள்ளி வைத்துக்கொள்வாள். ஒரு புள்ளி எவள் வேண்டுமானாலும் வைப்பாள் என்பாள். மகளிடம் பெயிண்டுக்குப் பதில் நெயில் பாலீஷ், அவ்வளவுதான் வித்தியாசம். கேமரா, விளக்கு, ஒயர், டிஸ்க், எதை எடுத்தாலும் இரண்டு சிவப்புப் புள்ளி இருக்கும்.

"இது நான் குடுத்த டிஸ்க். ஸ்டிக்கர் ஒட்டி எனக்கே திருப்பிக் குடுத்திருக்கீங்க."

"அது கம்பெனி பெயிண்டா இருக்கும் மேடம்."

"அப்ப ஸ்டிக்கருக்கு அடியில இன்னொரு புள்ளி இருக்கக் கூடாதுல்ல? உரிச்சுப் பாரு."

"உரிச்சா வாரண்டி போயிடும்."

"நான் உரிச்சாதானே போகும்? நீ உரி."

கண்ணாடிக்காரன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் பெட்டி, மேலே சுற்றிய பிளாஸ்டிக் கூடப் பிரிக்காதது. குரலைத் தாழ்த்தினான். "மேனேஜர் குடுக்கச் சொன்னார். இது புத்தம் புதுசு. இதை எடுத்துக்கிட்டு அதை இங்கயே வச்சிட்டுப் போங்கக்கா."

மேடம் அக்காவாகிவிட்டாள். அவள் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். இதைக் கொண்டுபோய் மாட்டினால் இன்றைக்கே எல்லாம் இரண்டாகிவிடும். நிம்மதியாகத் தூங்கலாம். பைக்குள் பாதி வைத்தும் விட்டாள்.

"அதை என்ன பண்ணுவீங்க?"

"டெஸ்டுக்குப் போகும்."

"போயி?"

அவன் கண் பக்கத்துத் தட்டுக்குப் போய் வந்தது. தட்டு நிறைய சீல் வைத்த கவர்கள், எல்லாவற்றிலும் அதே வெள்ளை ஸ்டிக்கர்.

பின்னால் நின்ற பெரியவர் ரசீதை நீட்டினார். "எனக்கும் டிஸ்க்தாம்மா. மாத்தி வந்துடுச்சுன்னு போன் பண்ணாங்க. பேத்தி வீடியோவெல்லாம் போன்ல இடம் இல்லாம அப்படியே நிக்குது. அதுல ஏத்திட்டு இதுல அழிச்சிடலாம்னு வந்தேன்."

ஓட்டைச் சட்டியை அடுத்தவள் தலைக்குத் தள்ளிவிட்டு நல்ல சட்டியோடு சாரம் ஏறுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களை அம்மா எப்படித் திட்டுவாள் என்பதும் தெரியும். அந்த வார்த்தை இந்த ஏசி அறைக்கு ஆகாது.

பெட்டியை வெளியே எடுத்து மேசை நடுவில் வைத்தாள்.

"அக்கா, உரிச்சீங்கன்னா அதுக்கும் வாரண்டி போச்சு, இதுவும் கிடைக்காது. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

"காது கேக்குது தம்பி." அவள் பின்னால் திரும்பினாள். "ஐயா, கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களுக்கும் இதேதான் வரப்போகுது. நல்லாப் பாத்துக்கங்க."

கட்டைவிரல் நகத்தை ஸ்டிக்கரின் மூலையில் கொடுத்தாள். பசை லேசில் விடவில்லை. நகம் மடங்கி வலித்தது, மறுபடி கொடுத்தாள். வரிசை கலைந்து மேசையைச் சுற்றிக் குவிந்தது. பெரியவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். புதுப் பெட்டி யாரும் தொடாமல் கிடந்தது. அம்மாவின் சாந்து அரித்த உள்ளங்கையில் தோல் உரிவது போல வெள்ளை ஸ்டிக்கர் சுருண்டு எழுந்தது. அரைப் புள்ளி முழுப் புள்ளியாயிற்று. அவள் நிறுத்தாமல் இழுத்தாள்.