தோல் கேட்கும் திரை

மிளகாய் என்ற பெயரை அவளுக்கு வைத்தது அக்காவின் கணவர்தான். அக்காவைக் கட்டிக்கொண்ட முதல் வாரத்தில் மனைவியின் சமையலை ஏதோ கிண்டல் செய்யப்போய், தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "இது பொண்ணா, மிளகாயா?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு, தான் சூப்பர்வைசராக இருக்கும் குளிர்க்கிடங்கில் அவளைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். பெயரும் அவளோடு வேலைக்குச் சேர்ந்தது.

கிடங்கின் உள்கூடத்தில் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி. உறைந்த பட்டாணி, மீன், ஐஸ்கிரீம் என்று பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருக்கும். அங்கே ஏழு பேருக்கு வேலை. ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு கருவி தொங்கும். எந்த அடுக்கில் எந்தப் பெட்டி என்று அது காட்டும். பெட்டியை எடுத்து வண்டியில் வைத்ததும், திரையில் 'எடுத்தாச்சு' என்ற கட்டத்தைத் தொட வேண்டும். ஒரு ஷிப்டுக்கு நானூறு பெட்டி. நானூறு தடவை தொட வேண்டும்.

பழைய கருவியில் ஒரு பிளாஸ்டிக் பேனா கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தத் திரைக்கு அழுத்தம் போதும். பேனாவோ, பென்சிலோ, பெட்டியின் மூலையோ, எது குத்தினாலும் கேட்டுக்கொள்ளும். தடித்த கையுறையைக் கழற்றவே வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன்னால் அதையெல்லாம் வாரிக்கொண்டுபோய், போன் மாதிரி மினுமினுக்கும் புதுக் கருவிகளைக் கொடுத்தார்கள். இவற்றுக்கு அழுத்தம் பற்றாது. தோல் வேண்டும்.

"பேனா எங்க மாமா?" என்று மிளகாய் முதல் நாளே கேட்டாள்.

"இதுக்குன்னு பேட்டரி போட்ட பேனா தனியா இருக்கு. கிளவுஸோட பிடிச்சாலும் வேலை செய்யும். மேலிடத்துல வேணாம்னுட்டாங்க. பேனான்னா தொலைஞ்சுபோகும். விரலை யாராவது தொலைப்பாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மிளகாயும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது தன் கன்னத்திலேயே ஒன்று போடலாம் போல அவளுக்கு இருந்தது.

கையுறையின் விரல் நுனியை வெட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அது கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்துவது. தொடுவதற்கென்றே மெல்லிய கையுறை வருகிறதாமே என்று கேட்டார்கள். பட்டியலில் போட்டாயிற்று என்று பதில் வந்தது. அந்தப் பட்டியல் எந்தக் கண்டத்தில் இருக்கிறதோ. ஒவ்வொரு பெட்டிக்கும் கையுறையைக் கழற்றி மாட்டினால் நானூறு எங்கே முடியும்? நாலாம் நாளிலிருந்து எல்லோர் வலது கையும் வெறுங்கையாகவே இருந்தது. மரத்த விரலைத் திரை மதிக்காவிட்டால் அடுத்த விரலால் தொட்டார்கள்.

அவளோடு அதே வரிசையில் வேலை பார்க்கும் நெட்டைதான் மூக்கைக் கண்டுபிடித்தான்.

"மூக்கும் தோல்தானே அக்கா? எப்படியும் அது சும்மா வெளியதான் கிடக்குது."

ஒரு வாரம் கூடம் முழுவதும் மரங்கொத்திகள் குடியேறியது போல இருந்தது. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே குனிந்து ஒரு கொத்து. ஆனால் திரை கண்ணுக்கு அவ்வளவு கிட்டே வந்தால் எழுத்து மங்கிவிடும். 'எடுத்தாச்சு'க்குக் கீழே 'வரிசை முழுவதும் எடுத்தாச்சு' என்று இன்னொரு கட்டம் உண்டு. நெட்டையின் மூக்கு சற்றே நீளம். அது கீழ்க்கட்டத்தில் பட்டுவிட, ஏற்றாத நாற்பது பெட்டி ஐஸ்கிரீமை ஏற்றியதாகக் கணக்கில் காட்டிக்கொண்டு லாரி காலியாகவே கிளம்பிப் போய்விட்டது. மறுநாள் சுவரில் அச்சடித்த அறிவிப்பு: கருவியை மூக்கால் தொடக் கூடாது.

"எல்லாரையும் மூக்கை நுழைக்காதன்னு வாயால சொல்லுவாங்க. எனக்கு போர்டே வச்சுட்டாங்க பாருங்க," என்றான் நெட்டை.

மறுபடியும் விரல்தான். மிளகாயின் ஆள்காட்டி விரல் நுனி முதலில் வெளுத்தது, பிறகு மெழுகுபோல ஆனது. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

முந்தாநாள் சாயங்காலம் மகளைக் குளிப்பாட்ட வாளியில் வெந்நீர் கலந்தாள். மகளுக்கு ஒன்றரை வயது. விரலை விட்டுப் பார்த்தாள், இதமாக இருந்தது. உண்மையில் அது எப்படியுமே இல்லை. எப்படியும் இல்லாததைத்தான் அவள் இதம் என்று எடுத்துக்கொண்டாள். முதல் குவளையைக் காலில் ஊற்றியதும் குழந்தை வீரிட்டது. கணவன் ஓடிவந்து, வாளிக்குள் கையை விட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"உனக்குச் சுடவே இல்லையா?" என்றான். அதட்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் பயந்துபோய்க் கேட்டான்.

நல்லவேளை, கால் சிவந்ததோடு போயிற்று. மருத்துவர் குழந்தைக்குக் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டு, தாயின் கையைப் பிடித்து ஊசிமுனையால் குத்திக் குத்திப் பார்த்தார். "இன்னமும் வெறுங்கையோட குளிர்ல வேலை பார்த்தீங்கன்னா இந்த விரலுக்கு உணர்ச்சி திரும்பாது," என்றார்.

இன்று காலை அவள் உள்கூடத்துக்குப் போகாமல் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனாள். மூலையில் ஹீட்டர் செந்நிறமாகக் கனன்றது. மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு. பாப்பாக்கு இப்ப எப்படி இருக்கு?"

"உக்கார வரல மாமா. பேனா வேணும். ஏழு பேருக்கும்."

"எடுத்தோம் கவிழ்த்தோம்னு பேசாத. எதுக்கும் ஒரு முறை இருக்குல்ல? முதல்ல இதை நிரப்பு." பலகை அளவில் ஒரு டேப்லெட்டை அவள் பக்கம் தள்ளினார்.

காயப் படிவம். முதல் கேள்வி: கையுறையை நீங்களாகவே கழற்றினீர்களா? அவள் 'இல்லை' என்பதைத் தொட்டாள். ஆள்காட்டி விரலை அது மதிக்கவில்லை, நடுவிரலுக்குத்தான் அசைந்தது. அடுத்த கேள்வி: அப்படியானால் கருவியை எதனால் தொட்டீர்கள்? விரல், மூக்கு, மற்றவை. 'விரல்' என்று தொட்டாள். முதல் கேள்விக்கே திரும்பிவிட்டது. மூன்று தடவை சுற்றினாள். அதிலிருந்து வெளியே வர ஒரே கதவுதான் இருந்தது.

"ஆமான்னு போடு. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி," என்றார் மாமா.

ஆமாம் என்று போட்டாள். உடனே கீழே ஒரு வரி விரிந்தது: பாதுகாப்பு விதியை மீறியதற்கு நானே பொறுப்பு.

"இதுல நான் கையெழுத்துப் போடணுமா?"

"எனக்காகப் போடு. உன்னைச் சேர்த்துவிட்டவன் நான். வீட்டு ஆளே இப்படி நின்னா மேல நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"சேர்த்துவிட்டதுக்கு விரலை வாடகையா தரணுமா மாமா?"

"பாத்தியா, பாத்தியா! இதுக்குத்தான் மிளகாய்னு பேரு." அவர் சிரித்துக்கொண்டே டேப்லெட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்றை உருவினார். "இந்தா, இதால போடு. கையெழுத்தை விரலால போட்டா கோணல்மாணலா வரும்."

வெள்ளைப் பேனா. பென்சில் கனம்கூட இல்லை.

"இதுதானா அது?"

"எது?"

"பேட்டரி போட்ட பேனா. மேலிடத்துல வேணாம்னு சொன்னது."

"அது, சூப்பர்வைசருங்களுக்கு மட்டும் கொடுத்தாங்க. எங்களுக்கு எழுத்து வேலை ஜாஸ்தில்ல?"

மிளகாய் ஹீட்டரைப் பார்த்தாள். அவருடைய மடித்த சட்டைக் கையைப் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். கத்தினால் அவருக்கு வழி தெரியும். ஒரு அதட்டல், ஒரு சிரிப்பு, அக்காவுக்கு ஒரு போன். ஆனால் இந்தக் கோபம் வாய்வரை வரவே இல்லை. அவள் பேனாவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"ஏய்! கையெழுத்து! பேனாவை வச்சிட்டுப் போ!"

பின்னாலேயே வந்தவர், உள்கூடத்தின் கனத்த கதவில் நின்றுவிட்டார். கோட்டு இல்லாமல் அதற்குமேல் போக முடியாது. அவர் கோட்டைத் தேடப் போன நேரத்தில் அவள் தன் கோட்டை மாட்டி, இரண்டு கையுறையும் அணிந்து, பட்டாணி வரிசைக்கு வந்துவிட்டாள். ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். தடித்த விரல்களுக்கிடையே பேனாவைச் செருகிக் கட்டத்தைத் தொட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

"நெட்டை, கிளவுஸைப் போடு."

"அக்கா, அது யாரோட பேனா?"

"போடுன்னா போடு. எல்லாரும் போடுங்க. பேனா ஒண்ணுதான் இருக்கு, சுத்தி வரும். கைக்கு வர்ற வரைக்கும் யாரும் ஸ்கிரீனைத் தொடாதீங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெட்டைதான் முதலில் போட்டான். பிறகு மற்றவர்கள். ஏழு பேருக்கு ஒரு பேனா. வேலை நத்தையாக ஊர்ந்தது. பத்து நிமிடத்தில் வெளியே லாரி ஹாரன் அடித்தது.

மாமா கோட்டும் கையுறையுமாக உள்ளே நுழைந்தார். "பைத்தியமா உனக்கு? ரெண்டு லாரி நிக்குது."

"நிக்கட்டும். அதுங்களுக்கு ஹாரன் அடிக்கவாவது தெரியுது."

"ஏதோ உலகத்துல யாரும் செய்யாத வேலை மாதிரி பேசற!" அவர் தன் கையுறையை உருவி வீசிவிட்டு, நெட்டையின் கருவியை வாங்கிக்கொண்டார். பெட்டி, தொடல். பெட்டி, தொடல். ஆறு ஆனதும் திரும்பினார். "பாத்தியா? முடியுது."

"ஆறு. இன்னும் முன்னூத்தித் தொண்ணூத்தி நாலு. மேல போங்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் தொடர்ந்தார். பதினான்கு வரை பச்சை எரிந்தது. பதினைந்தாவதில் திரை அவரைக் கண்டுகொள்ளவில்லை. விரலைக் கோட்டில் தேய்த்தார். திரைமேல் ஊதினார், ஊதிய மூச்சு அதன்மேல் வெண்படலமாக உறைந்தது. சுரண்டிவிட்டு மறுபடி தொட்டார். கடைசியில் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"மூக்கால பாக்கறீங்களா சார்?" என்றான் நெட்டை, மிகவும் மரியாதையாக. எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது.

"உங்க அக்கா மூஞ்சிக்காகப் பொறுத்துட்டிருக்கேன்," என்று மிளகாயிடம் பாய்ந்தார். "இன்னிக்கே வேலை போயிடும், தெரியுமா?"

"அக்காவை இதுல இழுக்காதீங்க. அக்கா இங்க பெட்டி தூக்கல." சுற்றிவந்த பேனாவை அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். "எம் பொண்ணு காலை நானே சுட்டிருக்கேன் மாமா. சுடுதுன்னு எனக்குத் தெரியல. நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தா, நெத்தியில கைய வச்சா எனக்குத் தெரியணும். வேலையை எடுத்துக்கோங்க. விரலைத் தர மாட்டேன்."

வெளியே இரண்டாவது லாரியும் சேர்ந்து அலறியது.

மாமா இடது கையால் போனை எடுத்தார். வலது விரலால் தொட்டார். தொட்டுக்கொண்டே இருந்தார். அது விழித்துப் பார்த்ததோடு சரி. அவர் கை தானாகப் பேனாவை நோக்கி நீண்டது. மிளகாய் பேனாவைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"போனை நல்லா பிடிச்சுக்கோங்க. நம்பரைச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே மேலிடத்தின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் பேனாவால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். ஸ்பீக்கரில் மணி போயிற்று. எடுத்ததும், உடனே பேனா வேண்டும் என்றார் மாமா.

"பேனாவா? இப்பவேவா?" என்றது எங்கோ வெதுவெதுப்பான அறையில் உட்கார்ந்திருந்த ஒரு குரல். "அவ்ளோ அவசரமா?"

மாமா மரத்துப்போன தன் விரலைப் பார்த்தார். மிளகாய் அவர் கையோடு சேர்த்துப் போனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் சொல்றேன், கேளுங்க," என்றாள்.